கிழக்கே மூன்று மைல்

கடந்த மே மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, அதிகாலை 4.35 மணிக்கு, ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டிலிருந்து கான்சஸ் மாநிலத்துக்குக் காரில் கிளம்பினோம். ஓட்டியவர் என் மகள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி வசிக்கும் ஷாகுல் ஹமீது. பக்கத்து இருக்கையில் நான். போகும் தூரம் 640 மைல், நம் கணக்கில் ஆயிரத்து முப்பது கிலோமீட்டர். வானிலைப் பைத்தியம் பிடித்த சிலர் ஒரு வீட்டின் பின்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவார்கள். அதைக் கேட்பதற்காகத்தான் இந்தப் பயணம்.

"பேச்சைக் கேக்கவா பத்து மணி நேரம்?" என்றாள் மகள். முப்பத்தோரு வருடம் பத்திரிகையில் இருந்தவன் நான். அதில் பாதி, கடலோரப் புயல் செய்திகள். நம் ஊர்ப் புயல் நான்கு நாள் முன்பே சொல்லிவிட்டு, பெயர் வைத்துக்கொண்டு, துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய பிறகு வந்து சேரும். டொர்னேடோ அப்படி இல்லை. மேகத்திலிருந்து தரைக்கு இறங்குகிற சுழல்காற்று அது. பதினைந்து நிமிடம் முன்னால் தெரிந்தால் அதிர்ஷ்டம். ஒரு வீட்டைக் கொண்டுபோகும். எதிர்வீட்டுத் தபால் பெட்டி அப்படியே நிற்கும். அதைக் கண்ணால் கண்டவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. ஷாகுல் கூப்பிட்டதும் சரி என்றேன்.

ஷாகுலுக்குச் சொந்த ஊர் காயல்பட்டினம். வயது நாற்பத்து நான்கு. ஓர் எரிசக்தி நிறுவனத்தில் மென்பொருள் வேலை. அதற்கு முன் நான்கு வருடம் கான்சஸில், விச்சிட்டா நகரத்தில் இருந்தவர். அங்கே சில தமிழர்கள் சேர்ந்து 'கான்சஸ் வானம்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். மழை, ஆலங்கட்டி, மேகப் படம் இவைதான் பேச்சு. சினிமா, அரசியல் தடை. அந்தக் குழு ஆண்டுதோறும் மே மாதம் கூடுகிறது. ஷாகுல் ஊர் மாறிய பிறகு ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. இது முதல் தடவை. ஏன் என்று நான் கேட்கவில்லை. நீண்ட பயணத்தில் மனிதர்கள் தாமாகச் சொல்வார்கள் என்பது தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த சோம்பல்.

இன்டர்ஸ்டேட் 45 நெடுஞ்சாலையில் வடக்கே ஏறியபோது சாலையில் மூடுபனி. முன்னால் போன லாரியின் இரண்டு சிவப்பு விளக்குகள் மட்டும் ஒரு மணி நேரம் எங்களுக்கு முன்னால் மிதந்தன. ஹன்ட்ஸ்வில் தாண்டியதும் விடிந்தது. சனிக்கிழமை என்பதால் டாலஸில் நெரிசல் இல்லை, 8.30க்கு ஊரைக் கடந்தோம். அங்கிருந்து இன்டர்ஸ்டேட் 35. ரெட் ரிவர் பாலத்தைத் தாண்டினால் ஓக்லஹோமா. பெயருக்கு ஏற்றபடி ஆற்றுமண் செங்கல் நிறம். பிறகு ஆர்பக்கிள் மலைகள். மலை என்று சொல்வது மரியாதைக்கு. மேலே காற்றாலைகள், தூக்கத்தில் கைவீசுகிறவர்களைப் போல ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. வானம் இங்கிருந்துதான் பெரிதாகத் தொடங்குகிறது. நெடுநேரம் நான் சாலையைப் பார்க்கவே இல்லை.

ஓக்லஹோமா சிட்டியின் தெற்குப் பகுதியில் பெட்ரோல் போட நிறுத்தினோம். மணி 11.55. மேகமே இல்லாத நீலம். ஐந்து நிமிடம் கழித்து ஊர் முழுவதும் அபாயச் சங்கு ஊதத் தொடங்கியது. ஓர் இடத்தில் எழுந்து, இன்னோர் இடத்தில் தொற்றி, பல குரல்களில் நீண்டது. நான் பதறிப்போய்க் கடைக்காரரைப் பார்த்தேன். அவர் நிதானமாகக் காப்பிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இங்கே ஒவ்வொரு சனிக்கிழமையும் நண்பகலில் டொர்னேடோ சங்கைச் சோதித்துப் பார்க்கிறார்கள். வானம் சரியில்லாத நாளில் மட்டும் சோதனை கிடையாது.

இது ஷாகுலுக்குத் தெரியும். ஆனாலும் அவர் பெட்ரோல் குழாயைப் பிடித்த கையை எடுக்காமல், தொட்டி நிரம்பித் தானாக நின்றபிறகும் அப்படியே நின்றிருந்தார்.

"சார், சத்தம் நிக்கட்டும். ஒண்ணு சொல்லணும்," என்றார்.

சங்கு அடங்கிய பிறகு, காரை நிழலில் நிறுத்திவிட்டுச் சொன்னார். நடந்தது ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு மே மாத மாலை. விச்சிட்டாவுக்கு வடமேற்கே, கோதுமை வயல்களுக்கு நடுவில் ஒரு மண்சாலைச் சந்திப்பில் காரை நிறுத்திப் பார்த்திருக்கிறார். நேர் கிழக்கே, மூன்று மைல் தூரத்தில், டொர்னேடோ தரையைத் தொட்டது.

"போன எடுத்தேன் சார். குரூப்ல சொல்லணும்னு அவசரம். டொர்னேடோன்னு ஒரு வார்த்த அடிச்சு, லொகேஷன் பின் போட்டுட்டேன். பின்னு என்ன காட்டும்? நான் நிக்கிற இடத்தத்தான காட்டும்? அது இருக்கற இடத்த நான் சொல்லவே இல்ல."

வானிலை ஆர்வலர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. பார்க்கிறவர், தான் நிற்கும் இடத்தையே புயல் நிற்கும் இடமாக அனுப்பிவிடுவது. ஷாகுலின் நண்பர் சுந்தரின் வீடு, டொர்னேடோ இருந்த இடத்திலிருந்து வடகிழக்கே நான்கு மைல். டொர்னேடோக்கள் பெரும்பாலும் வடகிழக்காகத்தான் நகரும். உண்மையான இடத்தை வைத்துப் பார்த்தால் அது சுந்தரின் வீட்டுக்கு நேராக வந்துகொண்டிருந்தது. ஷாகுல் அனுப்பிய பின்னை வைத்துப் பார்த்தால், வீட்டுக்கு மேற்கே மூன்று மைல் தள்ளிப் பத்திரமாகக் கடந்து போயிருக்கும். பேஸ்மென்ட்டில் மனைவி, மகளோடு பதுங்கியிருந்த சுந்தர், அந்தப் பின்னைப் பார்த்துவிட்டு, மேற்கே போவதைப் படம் எடுக்கலாம் என்று கேமராவோடு மேலே ஏறினார். வீட்டோடு சேர்ந்த கராஜின் சுவர் அவர் வலது முழங்கால் மேல் விழுந்தது.

"கொஞ்ச நேரத்துல எனக்கே தப்பு தெரிஞ்சுது. பின்ன டெலீட் பண்ணிட்டு, 'எனக்குக் கிழக்கே மூணு மைல்'னு சரியாப் போட்டேன். அதுக்குள்ள அவர் போன் வீட்டுக்கு அடியில. மத்தவங்க எல்லாம் அப்புறமாத்தான் பார்த்தாங்க. அவங்க கண்ணுக்குச் சரியான மெசேஜ்தான் தெரியும். டெலீட் பண்ண அடையாளத்தயோ நேரத்தயோ யாரும் கவனிக்கல."

"அப்போ சுந்தர்?"

"அவர் தப்பாப் படிச்சிட்டார்னுதான் எல்லாரும் சொல்றாங்க. அவரும் அப்படித்தான் நெனச்சிட்டிருக்கார். நான் வாயத் தெறக்கல."

இந்த ரமலானில் வாழ்த்துச் சொல்ல சுந்தர் கூப்பிட்டாராம். இதோடு குழுவை விட்டு விலகப் போவதாகச் சொன்னாராம். கேமராவையும் யாருக்கோ கொடுத்துவிட்டாராம். ஒரு பின்னைக்கூட ஒழுங்காகப் படிக்கத் தெரியாதவனுக்கு வானிலை எதற்கு என்றாராம். அதனால்தான் ஷாகுல் கிளம்பினார். எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். தனியாக ஓட்டிப்போனால் பாதியிலேயே திரும்பிவிடுவோமோ என்ற பயத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

12.50க்குக் கிளம்பினோம். கான்சஸ் எல்லையில் இன்டர்ஸ்டேட் 35 சுங்கச்சாலையாகிறது. பணம் வாங்க யாரும் நிற்பதில்லை, நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து வீட்டுக்கு பில் அனுப்புகிறார்கள். வழியில் ஓய்விடம் ஒன்றில் ஷாகுல் புல்தரையில் விரிப்பைப் போட்டு, நண்பகல் தொழுகையான லுஹர் தொழுதார். அவரைச் சுற்றிக் காற்று புல்லைச் சாய்த்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நாயோடு வந்த ஒரு பெண்மணி, நாயை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு அமைதியாகக் காத்திருந்தார்.

சுந்தர் வீட்டை அடைந்தபோது மாலை 4.05. அவர் ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். விச்சிட்டாவிலிருந்து இருபத்தைந்து மைல் என்று மட்டும் சொல்கிறேன். புது வீடு, பழைய வீடு இருந்த அதே அஸ்திவாரத்தில். சுந்தருக்கு வயது ஐம்பத்தொன்று, திருச்சிக்காரர், விமானத் தொழிற்சாலையில் இன்ஜினீயர். கைத்தடியோடுதான் நடக்கிறார். மனைவி மலர்விழி பல் மருத்துவர். ஷாகுலைப் பார்த்ததும் சுந்தர் முகம் மலர்ந்துவிட்டது.

"வாடா, டெக்சஸ்காரா! அங்க ஹரிக்கேன் புயல்தான் கிடைக்கும்னு இங்க எட்டிப் பார்க்க வந்தியா?"

"நஸ்ரின் தம்மடை குடுத்து விட்டா, சுந்தர்ணே," என்று, மனைவி கொடுத்தனுப்பிய டப்பாவை நீட்டினார் ஷாகுல். ரவையும் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்யும் காயல்பட்டின இனிப்பு அது. மலர்விழி டப்பாவைத் திறந்து அங்கேயே ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டார்.

5.30க்குப் பின்பக்கம் நாற்காலிகள் வட்டமாயின. நெப்ராஸ்காவின் ஒமாஹாவிலிருந்து ஐந்து மணி நேரம் ஓட்டிக்கொண்டு பிரபு வந்திருந்தார். வேலூர்க்காரர், மென்பொருள், வாய் நிற்காது. பக்கத்து நிலத்துக்காரர் வால்ட் வேலியைத் தாண்டி வந்தார். எழுபத்து நான்கு வயது, கோதுமை விவசாயி, குழுவில் தமிழ் தெரியாத ஒரே உறுப்பினர். அவர் ஆங்கிலத்தில் பேசியதை இங்கே தமிழில் தருகிறேன். இன்னும் இரண்டு குடும்பங்கள் இருந்தன. அவர்கள் பெரும்பாலும், வாட்டிச் சமைக்கும் கிரில் அடுப்பைப் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் தன் டொர்னேடோவைச் சொன்னாலும், முதலில் நின்ற இடத்தைச் சொல்ல வேண்டும், அடுத்து பார்த்த திசை. அதற்குப் பிறகுதான் கதை. நான் வேலை பார்த்த செய்தி அறையில் இப்படி ஒரு விதி இருந்திருந்தால் பாதிச் செய்தி வந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது.

வால்ட் தொடங்கினார். "நின்ற இடம்: எங்கள் பழைய வீட்டின் நிலவறை. பார்த்த திசை: இருட்டு." எல்லோரும் சிரித்தார்கள். "எனக்கு ஒன்பது வயது. மேலே வீடு போகிற சத்தம். பிறகு அமைதி. அந்த அமைதியில் ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. பேட்டரி ரேடியோ. பேஸ்பால் வர்ணனை. அப்பா கதவைத் தள்ளினார். மேலே கூரை இல்லை, சுவர் இல்லை. அடுப்பு மேடையில் ரேடியோ மட்டும் உட்கார்ந்து ஸ்கோர் சொன்னது. அம்மா அழத் தொடங்கினார். அப்பா, கொஞ்சம் பொறு, இந்த இன்னிங்ஸ் முடியட்டும் என்றார்."

"அப்புறம் உங்கம்மா அவரைச் சும்மா விட்டாங்களா?" என்றார் பிரபு ஆங்கிலத்தில்.

"இன்று வரை இல்லை," என்றார் வால்ட். பெற்றோர் இருவரும் இறந்து வெகுகாலமாகிறது.

அடுத்து பிரபு. "நின்ற இடம்: அபார்ட்மென்ட் பாத்டப். பேஸ்மென்ட் இல்லாதவனுக்கு அதான் கதி. நிக்கல, உக்காந்திருந்தேன். பார்த்த திசை: என் வொய்ஃப் முகம். அதைவிட டொர்னேடோ பரவால்ல."

"கதைக்கு வாங்க," என்றார் மலர்விழி.

"சைரன் அடிச்சதும் ஆளுக்கு ஒண்ணு தூக்கிட்டு ஓடினோம். அவ குழந்தையத் தூக்கினா. நான் கிரீன் கார்டு ஃபைலத் தூக்கினேன். பல வருஷம் க்யூவுல நின்னு ப்ரையாரிட்டி டேட் வரப்போற நேரம், ரிஸ்க் எடுக்க முடியுமா? டப்புக்குள்ள போய் உக்காந்தப்புறம் பார்க்கறேன், அது கார் இன்ஷூரன்ஸ் ஃபைல்."

"டொர்னேடோ வந்துதா?"

"ரெண்டு மைல் தள்ளிப் போயிருச்சு. ஆனா அந்த ஃபைல் மேட்டர் இன்னும் எங்க வீட்லதான் சுத்திட்டிருக்கு."

இப்படித்தான் பேச்சு ஓடியது. வெயில் சாய்ந்து, புல்லின் ஒவ்வொரு நுனியும் தனியாகத் தெரிந்தது. பயங்கரமான விஷயங்களை, நேற்றுக் கண்ட கனவைச் சொல்வதுபோல அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிணற்றுக்கு மேல் நின்றபடியே சுழன்ற கொட்டகை. வானத்திலிருந்து மெதுவாக இறங்கிய காகிதங்கள். எடுத்துப் பார்த்தால் அறுபது மைலுக்கு அப்பால் யாருடைய வீட்டிலோ இருந்த கல்யாண ஆல்பம். காற்று அவ்வப்போது பேச்சின் பாதியைக் கொண்டுபோனது. யாரும் திரும்பக் கேட்கவில்லை.

சுந்தர் முறை வந்தது. கைத்தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார்.

"நின்ற இடம்: மேற்குப் பக்க டெக், கராஜ ஒட்டின மரத்தளம். பார்த்த திசை: மேற்கு. பார்த்தது: ஒண்ணுமில்ல. வெறும் மழை." எல்லோரும் சிரித்தார்கள், பல வருடமாகக் கேட்ட நகைச்சுவை என்று தெரிந்தது. "இருபது வருஷமா ஒரு டொர்னேடோ பார்த்துடணும்னு அலைஞ்சவன். அது என் வீட்டுக்கே வந்துச்சு. நான் வேற பக்கம் பார்த்துட்டு நின்னேன்."

"படிக்கத் தெரியணும்," என்றார் மலர்விழி என்னிடம், தட்டுகளை அடுக்கியபடியே. "கிழக்கே மூணு மைல்னு தெளிவாப் போட்டிருக்கு. இவர் கண்ணுக்கு மட்டும் மேற்கே தெரிஞ்சிருக்கு. ஒரு சாரிகூடக் கிடையாது, அங்கிள். அன்னிக்கு இவர்கூட எங்க பொண்ணும் மேல ஓடியிருந்தா?"

"அதான் ரிட்டையர் ஆகறேனே, விடு," என்றார் சுந்தர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஷாகுல் எழுந்து நின்றுவிட்டார். மற்றவர்கள் உட்கார்ந்தே சொன்னார்கள்.

"நின்ற இடம்: சர்ச்சுக்குத் தெற்கே ரெண்டாவது கிராஸிங். பார்த்த திசை: கிழக்கு." சுந்தர் பக்கம் திரும்பினார். "பின் போட்டது, நின்ற இடத்துல. சுந்தர்ணே, நீங்க படிச்சது சரி. நான் அனுப்புனது தப்பு. அப்புறம் டெலீட் பண்ணிட்டேன்."

யாரோ கிரில்லின் மூடியைச் சாத்தினார்கள். மலர்விழிதான் முதலில் பேசினார்.

"எத்தன மணிக்கு அனுப்பினீங்க?"

"6.38."

"டெலீட் பண்ணது?"

"6.52."

"எங்க வீடு போனது 6.47," என்றார் அவர். தட்டுகளை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

சுந்தர் கைத்தடியின் முனையைப் புல்லில் மெல்ல நகர்த்தினார். அவர் மனத்தில் ஒரு வரைபடத்தை விரித்து, கோடு போட்டுப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

"அப்போ நான் சரியாத்தான் படிச்சிருக்கேன்," என்றார் கடைசியில்.

"ஆமாண்ணே."

"ஆஸ்பத்திரிக்குப் பதினோரு தடவ வந்தே, ஷாகுல். பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தே." கைத்தடியை ஊன்றி எழுந்தார். "பதினோரு தடவ."

அவரும் உள்ளே போனார். வெளிச்சம் இன்னும் இருந்தது, மணி 7.20தான். நாங்கள் சாப்பிடாமல் கிளம்பினோம். வால்ட் கார் வரை கூடவே நடந்து வந்தார். என்ன நடந்தது என்பதைப் பிரபு அவருக்கு மெல்லிய குரலில் சொல்லியிருந்தார். வால்ட் ஷாகுலின் கார்க்கதவைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்குத் தெற்குக் காற்று. மழை இல்லை. நல்ல நாள்," என்றார். இந்தப் பக்கத்து மனிதர்கள் ஆறுதலை இப்படித்தான் சொல்வார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை 6.20க்கு மோட்டலில் என் போன் அடித்தது. சுந்தர். ஷாகுலைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டிருந்தார். "அவனைக் கூட்டிட்டு அந்த கிராஸிங்குக்கு வாங்க சார். வழி அவனுக்குத் தெரியும்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இந்த நிலப்பரப்பில் மைலுக்கு ஒரு சாலை. வடக்கு தெற்காக ஒன்று, கிழக்கு மேற்காக ஒன்று என்று கட்டம் போட்டது போல. ஒவ்வொரு சந்திப்பும் அடுத்த சந்திப்பைப் போலவே இருக்கும். ஆனால் ஷாகுல் ஒரு திருப்பத்திலும் தயங்கவில்லை. 7.05க்கு நாங்கள் சேர்ந்தபோது சுந்தரின் கார் ஏற்கெனவே நின்றிருந்தது. ஓட்டிவந்தவர் மலர்விழி. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தார். நான்கு பக்கமும் கோதுமை, பச்சை மங்கி மஞ்சளுக்குத் திரும்பும் பருவம். காற்று வரும்போது வயல் முழுவதும் ஒரே பக்கம் புரண்டு படுத்தது.

சுந்தர் முகத்தைத் திருப்பாமலே கேட்டார். "எங்க நின்ன?"

"இங்க இல்லண்ணே. அந்தப் போஸ்ட் பக்கத்துல. எஞ்சினக்கூட ஆஃப் பண்ணல."

சுந்தர் தடியை ஊன்றி அந்த மின்கம்பத்தின் அருகே போய் நின்றார். ஷாகுலுக்கும் இடம் விட்டு நின்றார்.

"முழுசா யோசிச்சேன்," என்றார். "பின் தப்பு. ஆனா சைரன் அடிச்சிட்டிருந்துச்சு. சைரன் தப்பில்ல. பின் எங்க இருந்தாலும், சைரன் அடிக்கும்போது கேமராவத் தூக்கிட்டு மேல வந்தது நான். மலரு திட்டினது சரிதான், காரணம்தான் வேற." தடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "நீ சொல்லாம விட்டதுக்கு எனக்கு இன்னும் பதில் தெரியல. அது அப்புறம். இப்ப இதச் சொல்லு. அது எப்படி இருந்துச்சு?"

ஷாகுல் புரியாமல் பார்த்தார்.

"நான் பார்க்கல, ஷாகுல். ஊர்ல யாருமே பார்க்கல. எங்க பக்கம் எல்லாம் மழை. எத்தன பேர்ட்டக் கேட்டிருப்பேன். உன்கிட்டக் கேட்டா பேச்ச மாத்திருவே. மேற்குப் பக்கத்துலேர்ந்து பார்த்தவன் நீ ஒருத்தன்தான். என் வீட்டைக் கொண்டு போனது எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. சொல்லு."

ஷாகுல் கை நீட்டிக் கிழக்கைக் காட்டினார். மூன்றாவது சந்திப்பில் வரிசையாகச் சில மரங்கள். அவற்றுக்கு மேல் காலைச் சூரியன்.

"வெள்ளையா இருந்துச்சுண்ணே."

"வெள்ளையா? கறுப்பு இல்லையா?"

"இல்ல. சாயங்கால வெயில் என் முதுகுல. நேரா அதும் மேல படுது. பின்னாடி மேகம் கருநீலம். அதுக்கு முன்னாடி இது பால் கலர்ல."

"அகலம்?"

"கீழ குறுகல். மேல போகப் போக விரிஞ்சு. லேசா வடக்குப் பக்கம் சாஞ்சு. தரை பக்கத்துல பழுப்பாப் புழுதி, பாவாடை சுத்துற மாதிரி."

"சுத்தறது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. ஆனா மெதுவா. அவ்ளோ தூரத்துலேர்ந்து மெதுவாத்தான் தெரியும். சத்தமே இல்லண்ணே. இந்த வேலியில ஒரு குருவி கத்திட்டிருந்துச்சு, அது மட்டும்தான் கேட்டுச்சு. நான் மூச்சு விட்டனான்னுகூடத் தெரியல."

கார்க்கதவு திறந்தது. மலர்விழி இறங்கி வந்து எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை.

"அழகா இருந்துச்சா?" என்றார் ஷாகுலிடம்.

ஷாகுல் நீட்டியிருந்த கையை இறக்கினார். அந்த மாலையில் மலர்விழியும் மகளும் எங்கே இருந்தார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"இருந்துச்சு," என்றார்.

மலர்விழி தலையசைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கணவனின் தோளுக்குப் பக்கத்தில் வந்து, வெயிலுக்குக் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு, அந்த மரங்களைப் பார்த்தார்.

"அப்புறம்?" என்றார் சுந்தர்.

"அப்புறம் உங்க வீட்டுப் பக்கம் போயிருச்சு."

"அது எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி சொல்லு. தரையத் தொட்டுச்சே, அதுலேர்ந்து."

ஷாகுல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மே மாதம் இந்தச் சாலையில் போனால் முந்தைய இரவே வானிலை அறிக்கையைப் பார்த்துவிடுங்கள். மோசமாக இருந்தால் பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள், அறைப் பணம் போனால் போகட்டும். போனில் அரசின் அவசர எச்சரிக்கை வசதியை அணைத்து வைக்காதீர்கள். ரேடியோவில் எச்சரிக்கை கவுன்ட்டியின், அதாவது மாவட்டத்தின், பெயரைச் சொல்லித்தான் வரும். ஆகவே நீங்கள் எந்தக் கவுன்ட்டியில் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். தங்கும் இடத்தில் சாவி வாங்கும்போதே பதுங்கும் அறை எது என்று கேளுங்கள். சிரிக்க மாட்டார்கள், உடனே காட்டுவார்கள். மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்காதீர்கள். நிலவறைக்குள் இறங்கினால், அபாயம் நீங்கியது என்று அறிவிக்கும்வரை யார் எந்தச் செய்தி அனுப்பினாலும் மேலே வராதீர்கள். நீங்களே எதையாவது பார்த்துச் சொல்ல நேர்ந்தால், அது எங்கே இருக்கிறது என்பதை வார்த்தையில் சொல்லுங்கள்.

போகவர 1,290 மைல். பெட்ரோல் 131 டாலர். மோட்டலில் அறை ஒன்றுக்கு வரியோடு 91. திரும்பும்போது விச்சிட்டாவில் காலை 10.15க்குக் கிளம்பி இரவு எட்டரைக்கு வீடு சேர்ந்தோம்.

அந்தச் சந்திப்பு எங்கே என்று கேட்டு யாராவது எழுதக்கூடும். தேடிப் போக வேண்டாம். இரண்டு மண்சாலைகள், ஒரு மின்கம்பம், கோதுமை. அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. நாங்கள் நான்கு பேரும் ஐம்பது நிமிடம் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றோம்.